பொறுப்பை ஒப்படைத்த இயக்கம்

சாரணர் இயக்கம் இன்று 170-க்கும் மேற்பட்ட நாடுகளில் 5 கோடிக்கும் அதிகமான உறுப்பினர்களோடு இயங்குகிறது. சாரணியருக்கான உலகச் சங்கத்தில் ஒரு கோடியை ஒட்டிய சிறுமியரும் பெண்களும் இருக்கிறார்கள். இரு பாலருக்கும் பொதுவான பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் மட்டும் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உள்ளனர். தமிழ்நாட்டில் பெரும்பாலோர் இவர்களைப் பார்ப்பது சுதந்திர நாள் அணிவகுப்பில், தேர்த் திருவிழாக் கூட்டத்தில், பள்ளி ஆண்டு விழாவின் வாயிலில். சீருடை, கழுத்தில் ஸ்கார்ஃப், கையில் விசில் என்ற இந்தத் தோற்றத்துக்கு உள்ளே ஒரு கல்வி முறை இருக்கிறது. பத்து வயது தாண்டிய பிள்ளைகளிடம் உண்மையான பொறுப்பை ஒப்படைத்து, அதன் வழியே அவர்களை வளர்ப்பதே அதன் சாரம். நூறாண்டைக் கடந்த வரலாற்றில், இந்தப் பொறுப்பு மெய்யாகவே பிள்ளைகள் கைக்குப் போனபோதெல்லாம் இயக்கம் ஊருக்குப் பயன்பட்டிருக்கிறது. அது தடுமாறிய இடங்களில் பெரியவர்கள் தங்கள் கடமையில் தவறியிருக்கிறார்கள்.

பிரவுன்சீ தீவில் தொடக்கம்

இயக்கத்தைத் தோற்றுவித்த ராபர்ட் பேடன் பவல் 1857-ல் லண்டனில் பிறந்தவர். பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்து 1876-ல் இந்தியாவுக்கு வந்தார். 1897-க்குப் பிறகு மீரட்டில் குதிரைப்படைப் பிரிவு ஒன்றுக்குத் தலைமை தாங்கியபோது, வீரர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, தடம் அறியவும் தாமாக முடிவெடுக்கவும் பழக்கினார். அந்தப் பயிற்சி அனுபவத்திலிருந்து எழுந்த கையேடு 1899-ல் வெளிவந்தது. அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டது. மேஃப்கிங் நகரம் 217 நாட்கள் முற்றுகையில் கிடந்தபோது, ஊர்ச் சிறுவர்கள் ஒரு படையாகத் திரட்டப்பட்டனர். செய்தி கொண்டு செல்வது, காவல் நிற்பது, மருத்துவமனையில் உதவுவது ஆகிய வேலைகள் அவர்களிடம் தரப்பட்டன. முதலில் கழுதைகளிலும் பிறகு சைக்கிள்களிலும் சென்று அவர்கள் கடமையை முடித்த விதம் பேடன் பவலின் மனதில் தங்கியது.

1907 ஆகஸ்ட் முதல் வாரத்தில் இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய பிரவுன்சீ தீவில் சுமார் இருபது சிறுவர்களோடு ஒரு முகாம் நடந்தது. வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் ஒரு பாதி. உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைகள் மறு பாதி. அவர்கள் நான்கு அணிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வோர் அணிக்கும் ஒரு மூத்த சிறுவன் தலைவன் ஆக்கப்பட்டான். வர்க்க வேறுபாடு கெட்டிப்பட்டிருந்த அன்றைய இங்கிலாந்தில் இரு தரப்புப் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில் உறங்கி, ஒரே அடுப்பில் சமைத்தது அப்போதே ஒரு சமூகப் பரிசோதனை.

1908 ஜனவரி முதல், பேடன் பவல் சிறுவர்களுக்கென்று எழுதிய சாரணர் நூல் பதினைந்து நாளுக்கு ஒன்றாக ஆறு பகுதிகளாய் வந்தது. வாங்கிப் படித்த சிறுவர்கள் பெரியவர்களுக்குக் காத்திராமல் தெருவுக்குத் தெரு தாங்களே அணிகளை அமைத்துக்கொண்டனர். அமைப்பு, அலுவலகம், சட்டதிட்டம் எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. 1909 செப்டம்பரில் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சுமார் 11,000 சிறுவர்கள் திரண்டனர். அங்கே சீருடையோடு வந்து நின்று, தங்களையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டனர் சில சிறுமியர். மறு ஆண்டே, பேடன் பவலின் சகோதரி ஆக்னஸின் தலைமையில் சாரணியர் இயக்கம் பிறந்தது.

அணி என்ற அடிப்படை

சாரணர் முறையின் உயிர்நாடி அணி. ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் ஓர் அணி. அவர்களில் ஒருவர் அணித் தலைவர், மற்றொருவர் துணைத் தலைவர். சில அணிகள் சேர்ந்தது ஒரு படை. முகாமில் ஓர் அணிக்கு ஒரு கூடாரம், ஓர் அடுப்பு, ஒரு மூலை நிலம். விறகு சேகரிப்பவர், தண்ணீர் கொண்டுவருபவர், சமைப்பவர், கணக்கு எழுதுபவர் எல்லாரும் அந்த எட்டுப் பேருக்குள்தான். ஒருவர் தன் வேலையைத் தவறவிட்டால் அணி முழுதும் பசியோடு படுக்க வேண்டியதுதான். அணித் தலைவர்கள் கூடும் அவையில் முகாம் திட்டமும் ஒழுங்கு விவகாரங்களும் முடிவாகின்றன. சாரண ஆசிரியர் அருகில் இருப்பார், ஆலோசனை சொல்வார், ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வார். வேலையைத் தன் கையில் எடுத்துக்கொள்ள மாட்டார்.

வகுப்பறையில் நாற்பது பிள்ளைகள் ஓர் ஆசிரியரை நோக்கி அமர்கிறார்கள். சாரணர் அணியில் எட்டுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் நோக்கி நிற்கிறார்கள். படிப்பில் பின்தங்கிய மாணவர் முடிச்சுப் போடுவதிலோ நீச்சலிலோ சமையலிலோ முன்னே வர முடிகிறது. திறமைச் சின்னங்களும் இதே நோக்கில் அமைந்தவை. முதலுதவி, தீயணைப்பு, வழிகாட்டல், சமையல், பொதுச் சுகாதாரம் எனப் பல துறைகளில், ஒவ்வொருவரும் தன் விருப்பப்படி தேர்ந்து, செய்து காட்டித் தேர்வு பெறுகிறார்கள். பிறரை முந்துவது இதில் கணக்கில் இல்லை. சாரணர் தன் பழைய நிலையைத் தாண்டினாரா என்பதே கேள்வி.

இந்தியாவில் 5 முதல் 10 வயது வரையுள்ள சிறுவர்கள் குருளையர், சிறுமியர் நீலப்பறவையர். அடுத்து 17 வயது வரை சாரணர், சாரணியர். மூத்தவர்கள் 25 வயது வரை திரிசாரணர், திரிசாரணியர். பிரவேஷ் என்ற நுழைவு நிலையில் தொடங்கி மூன்று சோபான் படிகளைக் கடந்து, மாநில அளவில் ஆளுநர் வழங்கும் ராஜ்ய புரஸ்கார், நாட்டின் உச்சமான குடியரசுத் தலைவர் விருது என்று ஏணி உயர்கிறது. இந்த ஏணியில் ஏறப் பல ஆண்டுகள் பிடிக்கும். இறைவனுக்கும் நாட்டுக்கும் கடமை, பிறருக்கு உதவி, சாரணர் சட்டத்துக்குக் கட்டுப்படுதல் ஆகிய மூன்றும் உறுதிமொழியில் உள்ளன. இறைவன் என்ற சொல்லுக்குப் பதில் தர்மம் என்று சொல்லவும் இந்திய உறுதிமொழி இடம் தருகிறது.

இந்தியப் பிள்ளைகளுக்கு மூடிய கதவு

1909-ல் கேப்டன் டி.எச்.பேக்கர் பெங்களூரில் இந்தியாவின் முதல் சாரணர் படையைத் தொடங்கினார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் சென்னை, பம்பாய், கிர்க்கி, ஜபல்பூர் ஆகிய ஊர்களிலும் படைகள் எழுந்தன. 1911-ல் ஜபல்பூரில் முதல் சாரணியர் படை அமைந்தது. ஆனால் இவற்றில் சேர ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டுமே அனுமதி இருந்தது. தடம் அறிதல், சமிக்ஞை, கூட்டாகச் செயல்படுதல் ஆகியவற்றை இந்தியச் சிறுவர்களுக்குக் கற்றுத் தந்தால் அது புரட்சியாளர்களுக்குப் பயிற்சி தந்ததாகிவிடும் என்று காலனி அரசு அஞ்சியது. தங்கள் நாட்டுப் பிள்ளைகளை நம்பிய ஓர் இயக்கம், ஆளப்பட்ட நாட்டின் பிள்ளைகளை நம்ப மறுத்தது.

அந்தக் கதவை இந்தியர்களும் இந்தியாவைத் தம் நாடாக ஏற்றவர்களும் திறந்தனர். ஷாஜஹான்பூரில் ஸ்ரீராம் பாஜ்பாய் 1913-ல் தாமாகவே ஒரு படை அமைத்தார். மத்திய மாகாணத்தில், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான விவியன் போஸ் இந்தியச் சிறுவர்களுக்கான சாரணப் பணியை முன்னெடுத்தார். சென்னையில் அன்னி பெசன்ட்டும் ஜார்ஜ் அருண்டேலும் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினர். அதன் சிறுவர்கள் தொப்பிக்குப் பதில் தலைப்பாகை அணிந்தனர். இந்தியப் பாடல்களைப் பாடினர். தன்னாட்சி இயக்கத்துக்காக 1917-ல் பெசன்ட்டும் அருண்டேலும் காவலில் வைக்கப்பட்ட அதே காலத்தில்தான் சென்னை மாகாணத்தில் இந்தச் சாரணப் பணி வேரூன்றியது. 1918-ல் மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, பாஜ்பாய் ஆகியோரின் முயற்சியில் அலகாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சேவா சமிதி சாரணர் சங்கம் உருவானது.

1921-ல் பேடன் பவல் இந்தியா வந்தபோது பெசன்ட்டின் சங்கம் அவரது அதிகாரபூர்வ அமைப்போடு இணைந்தது. சேவா சமிதி இணைய மறுத்தது. 1937-ல் டெல்லியில் நடந்த சாரணர் திரளணிக்கு வந்து திரும்பிய பேடன் பவல், இந்தியர்களின் குணநலன் பற்றித் தெரிவித்த கருத்துகள் கடும் எதிர்ப்பைக் கிளப்பின. பலர் வெளியேறினர், 1938-ல் ஹிந்துஸ்தான் சாரணர் சங்கம் பிறந்தது. விடுதலைக்குப் பிறகு ஜவஹர்லால் நேருவும் கல்வி அமைச்சர் அபுல் கலாம் ஆசாத்தும் எடுத்த முயற்சியில் பிரிந்து கிடந்த சங்கங்கள் 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரண சாரணியர் இயக்கமாக ஒன்றாயின. 1951 ஆகஸ்ட் 15 அன்று சாரணியர் சங்கமும் சேர்ந்தது. குன்ஸ்ரு முதல் தேசிய ஆணையர் ஆனார். 1953 டிசம்பர் இறுதியில் ஹைதராபாத்தில் முதல் தேசியப் பெருந்திரளணி கூடியது.

ஊருக்குச் செய்த பணி

நாள்தோறும் ஒரு நற்செயல் என்பது சாரணரின் தொடக்கப் பாடம். முதியவர் ஒருவரைச் சாலை கடக்க வைப்பதிலிருந்து அது தொடங்கும். பலரும் இந்தப் பாடத்தை எளிதாகக் கேலி செய்வதுண்டு. ஆனால் சிறு செயல்களில் கை பழகியவர்களால்தான் பெரிய நெருக்கடியில் பதறாமல் நிற்க முடிந்திருக்கிறது. 1914-ல் முதல் உலகப் போர் தொடங்கியதும் பிரிட்டனில் கடலோரக் காவலர்கள் கப்பற்படைக்கு அழைக்கப்பட்டனர். அவர்கள் விட்டுச் சென்ற கண்காணிப்பு வேலையைச் சாரணர்கள் ஏற்றனர். போர் முடியும்வரை முறை வைத்துக் கரையைக் காத்த சிறுவர்கள் இருபதாயிரத்துக்கும் மேல். இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது குண்டுகள் விழுந்த இரவுகளில், தொலைபேசிக் கம்பிகள் அறுந்த பகுதிகளுக்குச் சைக்கிளில் செய்தி கொண்டு சென்றவர்களிலும் சாரணர்கள் இருந்தனர்.

இந்தியாவில் இந்தப் பணி வேறு வடிவம் எடுத்தது. இங்கே நெருக்கடி என்பது பெரும்பாலும் மக்கள் திரளும் வெள்ளமும் நோயும். பிரயாகை மேளாக்களில் சேவா சமிதி தொடங்கிவைத்த தொண்டு மரபு, கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது, வழி தவறியவர்களைக் குடும்பத்தோடு சேர்ப்பது, முதலுதவி தருவது என்று இன்றும் கும்பமேளாக்களில் தொடர்கிறது. தமிழ்நாட்டில் பெருங்கோயில் திருவிழாக்களில் குடிநீர் வழங்கவும் வரிசையைச் சீராக்கவும் சாரணர்கள் நிற்பதும் இதே வழியில் வந்ததுதான். போலியோ சொட்டு மருந்து முகாம்களில் வீடு வீடாகச் சென்று குழந்தைகளை அழைத்து வந்தவர்களில் அவர்களும் உண்டு. 2011 ஜனவரிக்குப் பிறகு புதிய போலியோ பாதிப்பு பதிவாகாத இந்தியாவை 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் போலியோ இல்லாத நாடாகச் சான்றளித்தது. அந்த வெற்றி மருத்துவத் துறையுடையது. ஆயினும் கடைசித் தெருவின் கடைசி வீட்டைத் தட்டிய கைகளில் பல மாணவர்களுடையவை. 1980-களில் வயிற்றுப்போக்கால் குழந்தைகள் இறப்பதைத் தடுக்க, உப்பு சர்க்கரைக் கரைசல் தயாரிப்பைத் தாய்மார்களுக்குக் கற்றுத் தரும் பணியில் யுனிசெஃபோடு உலக சாரணர் அமைப்பு கைகோத்தது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, இலங்கையில் நிவாரண முகாம்களில் பொருட்களைப் பிரித்து வழங்குவதிலும், உறவுகளை இழந்த பிள்ளைகளை விளையாட்டில் ஈடுபடுத்துவதிலும் சாரணர்கள் பங்கேற்றனர். 1912-ல் மாத்தளையில் தொடங்கிய இலங்கைச் சாரணர் இயக்கம் சிங்கள, தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒரே சீருடையில் கொண்டுவந்த சில அமைப்புகளில் ஒன்று. கரோனா ஊரடங்கின்போது இந்தியாவின் பல மாநிலங்களில் சாரண சாரணியர் முகக்கவசம் தைத்து விநியோகித்தனர். பிளாஸ்டிக் கழிவைக் குறைக்கும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் இளைஞர் பயிற்சியிலும் சாரணர், சாரணியர் உலக அமைப்புகள் இரண்டும் பங்காளிகள். 1981-ல் யுனெஸ்கோ முதன்முறையாக அமைதிக் கல்விப் பரிசை வழங்கியபோது, அதைப் பெற்றவர்களில் ஒன்று உலக சாரணர் அமைப்பு.

உழைத்துச் சம்பாதிப்பதும் இந்தப் பயிற்சியின் பகுதி. பிரிட்டனில் 1949 முதல் பல பத்தாண்டுகள், ஒரு வாரம் சாரணர்கள் வீடு வீடாகச் சென்று சிறு வேலைகள் செய்து ஒரு ஷில்லிங் வாங்கி இயக்க நிதியில் சேர்த்தனர். சிங்கப்பூரில் அந்த வழக்கம் இன்னும் இருக்கிறது. இந்தியச் சாரணர்களின் கரீ கமாயி நிகழ்ச்சியும் அதே நோக்கம் கொண்டது. கை நீட்டி நன்கொடை கேட்பதற்கும் வேலை செய்து கூலி பெறுவதற்கும் உள்ள வேறுபாட்டை அது பிள்ளைகளுக்கு உணர்த்துகிறது.

சர்வாதிகாரத்தின் எதிரில்

சீருடையும் அணிவகுப்பும் கொண்ட இயக்கம் சர்வாதிகாரிகளுக்குப் பிடித்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. சோவியத் ஒன்றியம் 1922-ல் சாரணர் அமைப்பைத் தடை செய்து தன் கட்சிச் சிறுவர் அமைப்பை வைத்தது. முசோலினியின் இத்தாலியும் ஹிட்லரின் ஜெர்மனியும் அவ்வாறே செய்தன. எட்டுப் பேர் தாமாக முடிவெடுக்கும் ஓர் அணியை, மேலிருந்து வரும் ஆணையை மட்டுமே அறிந்த அமைப்புகளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மிலான் நகரச் சாரணர்கள் சிலர் தடைக்காலம் முழுவதும் மறைவில் முகாம் நடத்தி வந்தனர்.

போலந்து சாரணர்களின் வரலாறு இதன் உச்சம். 1939 செப்டம்பரில் நாடு வீழ்ந்ததும் அவர்கள் சாம்பல் அணிகள் என்ற பெயரில் தலைமறைவாயினர். வயதுக்கேற்ப மூன்று பிரிவுகள் இருந்தன. 12 முதல் 14 வயது வரையுள்ளவர்களைப் போரில் இறக்குவதில்லை என்பது விதி. 1944 வார்சா எழுச்சியில் அந்தச் சிறுவர்கள் சாரணர் அஞ்சல் சேவையை நடத்தினர். முற்றுகையில் பிரிந்து கிடந்த குடும்பங்களுக்கு இடையே கடிதம் கொண்டு சென்றனர். போலந்து எதிர்ப்பின் அடையாளமான நங்கூரச் சின்னத்தை வரைந்தவர் சாரணியர் பயிற்றுநர் அன்னா ஸ்மோலென்ஸ்கா. அவர் 1943-ல் ஆஷ்விட்ஸ் முகாமில் உயிரிழந்தார். பிரான்சில் ராபர்ட் கம்ஸோன் 1923-ல் தொடங்கிய யூதச் சாரணர் அமைப்பு, நாஜி ஆக்கிரமிப்பில் போலி ஆவணங்கள் தயாரித்தும், பிள்ளைகளைக் கிராமங்களில் ஒளித்தும், சுவிட்சர்லாந்து எல்லைக்கு அழைத்துச் சென்றும் பல குழந்தைகளைக் காப்பாற்றியது. திசை அறிதலும் காட்டில் இரவு தங்கலும் இங்கே உயிர்காக்கும் கலைகளாயின.

சாரணியர் திறந்த வழி

1910-களில் பெண் பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியே கூடாரம் அடித்துத் தங்குவது பல சமூகங்களில் நினைத்துப் பார்க்க முடியாத செயல். முதலுதவி, சமிக்ஞை, வரைபடம் வாசித்தல் ஆகியவற்றைச் சிறுமியர் முறையாகக் கற்க சாரணியர் இயக்கம் வழி செய்தது. இரண்டாம் உலகப் போரின்போது சிங்கப்பூர் சாங்கி சிறையில் ஜப்பானியர் காவலில் இருந்த 8 முதல் 16 வயது வரையுள்ள சுமார் இருபது சிறுமியர், சிறைக்குள்ளேயே ஒரு சாரணியர் படையாகக் கூடினர். தங்கள் தலைவி எலிசபெத் என்னிஸுக்காகக் கிடைத்த துணித் துண்டுகளை மறைவாக ஒட்டுத்துணிப் போர்வையாகத் தைத்தனர். அந்தப் போர்வை இப்போது லண்டன் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1966-ல் புனேயில் திறக்கப்பட்ட சங்கம் என்ற மையம், சாரணியரின் உலக மையங்களில் ஆசியாவில் இருப்பது. இந்தியாவில் லட்சுமி மஜும்தார் என்ற பெண் தேசிய ஆணையராக நீண்ட காலம் தலைமை வகித்ததும் குறிப்பிடத்தக்கது. உலக சாரணர் அமைப்பின் மிக உயர்ந்த கௌரவமான வெண்கல ஓநாய் விருது பெற்ற அவரது பெயரில்தான் பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் டெல்லித் தலைமையகம் அமைந்திருக்கிறது.

ஆய்வு சொல்வது

சாரணப் பயிற்சியின் பயனை அளந்து பார்த்த ஆய்வுகளும் உண்டு. பிரிட்டனில் 1958 மார்ச்சில் பிறந்த ஏறத்தாழ 10,000 பேரின் வாழ்க்கைத் தரவுகளை எடின்பரோ, கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரிசீலித்து 2016-ல் முடிவை வெளியிட்டனர். சிறுவயதில் சாரணராகவோ சாரணியராகவோ இருந்தவர்களுக்கு 50 வயதில் பதற்றமும் மனச்சோர்வு சார்ந்த கோளாறும் வருவது 15 சதவீத அளவு குறைவு. ஏழ்மையில் வளர்ந்தவர்களுக்கு வழக்கமாக இருக்கும் கூடுதல் மனநலச் சுமை, சாரணர்களாக இருந்தவர்களிடம் ஏறத்தாழக் காணப்படவில்லை. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் ஃபிலடெல்ஃபியா பகுதியில் சுமார் 1,800 குருளையரையும், ஒப்பீட்டுக்காகச் சாரணரல்லாத சிறுவர்களையும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கவனித்தது. உதவும் இயல்பு, நம்பகத்தன்மை, எதிர்காலம் குறித்த நம்பிக்கை ஆகியவை குருளையரிடம் உயர்ந்தன. இவ்வகை ஆய்வுகளில் எல்லாப் பலனும் பயிற்சியாலேயே வந்தது என்று அறுதியிட முடியாது. சேரும் பிள்ளைகளின் குடும்பச் சூழலும் விளைவைப் பாதிக்கும். ஆனாலும் பலன் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் இரண்டு ஆய்வுகளும் ஒத்துப்போகின்றன.

பெரியவர்கள் தவறிய இடங்கள்

இயக்கத்தின் குறைகளையும் சேர்த்தே எடை போட வேண்டும். தென்னாப்பிரிக்காவில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் பல பத்தாண்டுகள் தனித்தனி அமைப்புகளில் இருந்தனர்; 1977-ல்தான் அவை ஒன்றாயின. பேடன் பவலின் காலனியக் கருத்துகள் இன்றும் விவாதத்துக்கு உள்ளாகின்றன. பிரவுன்சீ தீவை நோக்கி நிற்கும் அவரது சிலையை 2020-ல் அகற்ற முயன்றபோது பிரிட்டனில் பெரும் சர்ச்சை எழுந்தது.

எல்லாவற்றிலும் கொடியது குழந்தைகள் மீதான பாலியல் குற்றம். அமெரிக்கச் சாரணர் அமைப்புக்கு எதிராக 82,000-க்கும் மேற்பட்டோர் தங்களுக்கு நேர்ந்த கொடுமையைப் பதிவு செய்தனர். அமைப்பு 2020-ல் திவால் பாதுகாப்பைக் கோரியது. 240 கோடி டாலருக்கு மேற்பட்ட இழப்பீட்டுத் திட்டத்தை நீதிமன்றம் ஏற்றது. சில பெரியவர்கள் பிள்ளைகளின் நம்பிக்கையைச் சூறையாடினர். அமைப்பு நீண்ட காலம் அதை மறைத்தது. எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனித்திருக்கக் கூடாது, புகார் வழி தெளிவாக இருக்க வேண்டும் ஆகிய விதிகள் இப்போது உலகச் சாரணர் அமைப்பின் பாதுகாப்புக் கொள்கையில் கட்டாயம்.

2023 ஆகஸ்டில் தென்கொரியாவின் சேமங்கம் நிலப்பரப்பில் நடந்த உலகப் பெருந்திரளணிக்கு 150-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து சுமார் 43,000 பேர் வந்தனர். கடும் வெயில், நிழலற்ற நிலம், போதாத சுகாதார வசதி காரணமாகப் பலர் மயங்கி விழுந்தனர். பிரிட்டன், அமெரிக்க அணிகள் முன்கூட்டியே வெளியேறின. புயல் நெருங்கியதும் முகாம் முழுதும் காலி செய்யப்பட்டது. எப்போதும் தயார் என்று பிள்ளைகளுக்குக் கற்றுத் தரும் இயக்கத்தின் மாபெரும் விழாவில் பெரியவர்கள் தயாராக இருக்கவில்லை.

எண்ணிக்கையை மட்டும் பெருக்குவதில் உள்ள சிக்கலுக்கு இந்தோனேசியா சான்று. உலகின் மிகப் பெரிய சாரணர் அமைப்பு அங்கேதான் இருக்கிறது. 2013 கல்வித் திட்டத்தில் அது எல்லா மாணவருக்கும் கட்டாயம் ஆக்கப்பட்டது. 2024-ல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. விருப்பத்தோடு சேர்வது சாரணர் முறையின் முதல் நிபந்தனை. அது போனால் அணி, வகுப்புப் பிரிவு ஆகிவிடும்.

தமிழ்நாட்டின் பணி

தமிழ்நாட்டில் சாரண சாரணியர் இயக்கம் பள்ளிக் கல்வித் துறையின் அரவணைப்பில் வளர்ந்தது. பிற மாணவர் அமைப்புகளில், தேசிய மாணவர் படை பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவது. நாட்டு நலப்பணித் திட்டம் மேல்நிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் நடப்பது. தொடக்கப் பள்ளி முதலே பிள்ளைகளை ஏற்பதும், தன்னார்வத்தில் நிற்பதும் சாரணர் இயக்கத்தின் தனித்தன்மை. 2025 ஜனவரி இறுதியில் மணப்பாறையில் நடந்த வைர விழாப் பெருந்திரளணிக்கு நாட்டின் பல மாநிலங்களோடு இலங்கை, மலேசியா, நேபாளம் முதலிய நாடுகளிலிருந்தும் சாரணர்கள் வந்தனர். அரசின் ஆதரவும் மக்களின் ஆர்வமும் இருப்பதை அது காட்டியது.

அந்த ஆதரவு அன்றாடப் பயிற்சிக்குப் போய்ச் சேர நான்கு ஏற்பாடுகள் தேவை. முதலாவது, சாரண ஆசிரியரின் நேரம். அடிப்படைப் பயிற்சியில் தொடங்கி ஹிமாலய வுட் பேட்ஜ் வரை பயின்ற ஆசிரியர்கள் பலர், பாடவேளையும் அலுவலகப் பணியும் போக மிச்ச நேரத்தில்தான் படையை நடத்துகிறார்கள். வாரம் ஒரு வேளையாவது இதற்கென ஒதுக்கப்பட வேண்டும். இரண்டாவது, முகாம் செலவு. சீருடையும் பயணமும் ஏழைப் பெற்றோருக்குச் சுமை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது இலவசமானால்தான் பிரவுன்சீயின் சமத்துவம் இங்கும் வரும்.

மூன்றாவது, உண்மையான வேலை. சாரணர்களைப் பிரமுகர் வரவேற்பில் வெயிலில் நிறுத்துவது இயக்கத்தின் நோக்கத்துக்கு மாறானது. கடலோர மாவட்டங்களில் புயல் எச்சரிக்கையை வீடு வீடாகச் சொல்வது, டெல்டாவில் வாய்க்கால் நிலையைக் கணக்கெடுப்பது, நகரங்களில் தேங்கிய நீரில் கொசுப்புழு கண்காணிப்பது ஆகியவை அணிகளால் ஆண்டு முழுவதும் செய்யக்கூடியவை. உள்ளாட்சி அமைப்புகள் இந்த வேலைகளைப் பெயரளவில் இன்றி, விளைவைக் கேட்டு வாங்கும் பொறுப்பாக அவர்களிடம் தர வேண்டும்.

நான்காவது, பாதுகாப்பு. எந்த முகாமுக்கும் முன்பாகப் பொறுப்பாளர்களின் பின்னணி சரிபார்க்கப்பட வேண்டும். சாரணியர் முகாமில் பயிற்சி பெற்ற பெண் ஆசிரியர்கள் இருக்க வேண்டும். யாரிடம் புகார் சொல்வது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். விருதுச் சான்றிதழ் ரயில்வேயின் சாரணர் ஒதுக்கீட்டு வேலைவாய்ப்புக்கு உதவும் என்பதால், சான்றிதழுக்காக மட்டும் பெயர் சேர்க்கும் போக்கையும் கண்காணிக்க வேண்டும். தேர்வு கறாராக இருந்தால்தான் விருதுக்கு மதிப்பு.

பொறுப்பைச் சிறுவரிடம் தருவதும், அதற்கான பாதுகாப்பைப் பெரியவர் தம்மிடம் வைத்துக்கொள்வதும் இந்த இயக்கம் செய்துகொண்ட வேலைப் பங்கீடு. பெருந்திரளணிகளின் பிரம்மாண்டத்தைவிட, ஒவ்வொரு பள்ளியிலும் அந்தப் பங்கீடு காப்பாற்றப்படுகிறதா என்பதே இனி இயக்கத்தின் வெற்றியை அளக்கும் கோலாக இருக்க வேண்டும்.